ஊர்ப்பெயர் இல்லாத இறையியல்

நான் ஒரு இறையியல் கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். இறையியல் படித்தவள் இல்லை. நூலக அறிவியல் முடித்துவிட்டு விண்ணப்பம் போட்ட இடங்களில் முதலில் கூப்பிட்டவர்கள் இவர்கள்தான், வந்து சேர்ந்தேன், அப்படியே பல வருடம் ஓடிவிட்டது. கல்லூரி புராட்டஸ்டண்டு. நானோ குமரி மாவட்டக் கடற்கரையில் ஒரு கத்தோலிக்க மீனவக் குடும்பத்தைச் சேர்ந்தவள். மாணவர்கள் அக்கா என்பார்கள், பேராசிரியர்கள் மேடம் என்பார்கள். இரண்டு தரப்புக்குமே என்னிடம் இறையியல் பேச வேண்டிய கட்டாயம் இல்லை, அதனாலேயே தாராளமாகப் பேசுவார்கள்.

ஒரு புத்தகத்துக்கு எண் போட வேண்டுமென்றால் அதை முழுசாகப் படிக்க முடியாது, தேவையும் இல்லை. பின்னட்டை, பொருளடக்கம், முன்னுரை, இவ்வளவு போதும். ஆக, நான் இறையியல் கற்றதெல்லாம் முன்னுரை வழியாகத்தான். கேலியாகச் சொல்லவில்லை. உள்ளே நானூறு பக்கத்துக்கு ஆகாயத்தில் நின்று பேசுகிற ஆசிரியர் முன்னுரையில் மட்டும் தரைக்கு இறங்கி வருவார். எந்த ஊரில் உட்கார்ந்து எழுதினேன், யார் பணம் கொடுத்தார்கள், எந்தச் சண்டை நடந்துகொண்டிருந்தது, கையெழுத்துப் பிரதியைத் தட்டச்சு செய்த மனைவிக்கு நன்றி. இதைப் படித்துவிட்டு உள்ளே போனால் அந்த நானூறு பக்கமும் வேறு மாதிரி தெரியும். பேப்பர் எழுதப் புத்தகம் கேட்டு வருகிற பிள்ளைகளிடம் நான் சொல்கிற ஒரே புத்தி இதுதான்: தம்பி, முன்னுரையைத் தாண்டிப் போகாதே.

எங்கள் நூலகத்தில் தனி ஒருவருக்கு அதிக இடம் என்றால் அது கார்ல் பார்த் என்ற ஸ்விட்சர்லாந்து இறையியலாளருக்குத்தான். சபையின் கோட்பாடுகளை விளக்குகிற அவருடைய சர்ச் டாக்மேட்டிக்ஸ் மட்டும் 13 பகுதிகள், சுமார் 9000 பக்கம். 1932-இல் முதல் பகுதி, 1967-இல் கடைசிப் பகுதி, அப்போதும் முடியவில்லை. கடவுள் பேசுகிறார் மனிதன் கேட்கிறான், மனித அனுபவத்திலிருந்து ஏணி வைத்துக் கடவுளிடம் ஏற முடியாது என்று அடித்துச் சொன்னவர் அவர். சூழலுக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லை என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அப்படி ஒரு முடிவுக்கு அவர் வந்ததே ஒரு ஊரில், ஒரு வருடத்தில். 1911 முதல் 1921 வரை ஸ்விட்சர்லாந்தில் ஸாஃபன்வில் என்ற சிற்றூரில் போதகராக இருந்தார். சபையில் பாதிப்பேர் ஜவுளி ஆலைத் தொழிலாளர்கள். தொழிற்சங்கம், தொழிற்சாலைச் சட்டம் என்று அவர்களுக்கு வகுப்பெடுத்து, ஆலை முதலாளிகளின் கோபத்தைச் சம்பாதித்து, சிவப்புப் போதகர் என்று பெயர் வாங்கினார். 1914-இல் போர் மூண்டது. ஜெர்மனியின் போரை ஆதரித்து 93 அறிஞர்கள் வெளியிட்ட அறிக்கையில் தன் ஆசிரியர்களான ஹார்னாக், ஹெர்மான் பெயர்களையும் பார்த்தார். இவர்கள் கற்றுக்கொடுத்த இறையியல் ஜெர்மன் பேரரசர் கைசரிடம் போய்க் கைகட்டி நிற்கிறது என்றால் அந்த இறையியலில் அடிப்படையிலேயே ஏதோ கோளாறு. அந்த அதிர்ச்சியில் பைபிளில் பவுல் எழுதிய ரோமர் நிருபத்தை மறுபடி படிக்க ஆரம்பித்ததுதான் 1919-இல் புத்தகமாக வந்தது, 1922-இல் முழுக்கத் திருத்தி மறுபடி வந்தது.

மனித அனுபவத்தை நம்பாதே என்ற அந்தக் கொள்கையே ஒரு மனிதனின் கசந்துபோன அனுபவத்திலிருந்து வந்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, எனக்கு இது பிடித்திருக்கிறது.

அந்த 9000 பக்கத்துக்கு இன்னொரு பின்னணியும் உண்டு. ஷார்லோட்டே ஃபோன் கிர்ஷ்பாம் என்ற பெண் 1929-இல் பார்த்தின் வீட்டுக்கே வந்து தங்கி, பல்லாண்டு அவருடைய உதவியாளராக வேலை செய்தார். லூத்தர் என்ன சொன்னார், அகஸ்டின் எங்கே சொன்னார் என்று தேடி எடுத்து, குறிப்பெடுத்து, அட்டைகளில் அடுக்கி வைத்தது அவர். அந்தத் தொகுதிகளில் பொடி எழுத்தில் வருகிற நீண்ட விளக்கக் குறிப்புகளில் அவருடைய உழைப்பு நிறைய. பார்த்தின் மனைவி நெல்லி அதே வீட்டில் ஐந்து பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக்குள் மூன்று பேரும் பட்ட வேதனை அவர்கள் கடிதங்களில் இருக்கிறது. அட்டையில் ஒரு பெயர்தான். நான் அட்டவணை அட்டை எழுதிப் பழகிய ஆள், பொடி எழுத்தைப் பார்த்தாலே அந்த அம்மாவின் நினைப்புதான் வரும். வேறொருத்தி அட்டை எழுதிக்கொடுத்தால்தான் ஒருவர் 9000 பக்கம் எழுத முடியும். ஆராய்ச்சி முறை என்று வகுப்பில் பேசும்போது இதை யாரும் முறையில் சேர்ப்பதில்லை.

சரி, எண் விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் பயன்படுத்துவது டூயி தசம முறை. மெல்வில் டூயி அமெரிக்காவில் ஆம்ஹர்ஸ்ட் என்ற கிறிஸ்தவக் கல்லூரியில் வேலை பார்த்தபோது உருவாக்கி 1876-இல் வெளியிட்டது. மதத்துக்கு 200 முதல் 299 வரை. அதில் 220-இலிருந்து 280கள் வரைக்கும் பைபிளும் கிறிஸ்தவமும்தான். உலகத்தின் மற்ற எல்லா மதங்களையும் 290-க்குள் போட்டு நெருக்கியிருக்கிறார். இந்து மதம் 294.5, இஸ்லாம் 297. ஆம்ஹர்ஸ்டில் உட்கார்ந்து பார்த்தால் உலகம் அப்படித்தான் தெரிந்திருக்கும், பாவம்.

கிறிஸ்தவ இறையியலுக்கு 230. சமூகம், அரசியல், பொருளாதாரம் சம்பந்தப்பட்ட இறையியலுக்கு 261. நான் சேர்ந்தபோது பார்த் 230-இல் இருந்தார். பெருவைச் சேர்ந்த குஸ்தாவோ குத்தியரெஸ் 261-இல் இருந்தார். தலித் இறையியல் புத்தகங்கள் 261. ஆப்பிரிக்கப் பெண்கள் எழுதியது 261, சிலது பெண்கள் பிரச்சினை என்று 305-க்கே போயிருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததில்லை. தலைப்பில் கறுப்பு, தலித், ஆசிய, பெண்ணிய என்று அடைமொழி இருந்தால் அது சமூகம் சார்ந்தது, அடைமொழி இல்லாவிட்டால் அது இறையியல். ஸ்விட்சர்லாந்துக்காரர் எழுதியதை யாரும் ஸ்விஸ் ஆண் இறையியல் என்று சொல்வதில்லை. டூயின் பிற்காலப் பதிப்புகளில், ஏழைகளின் பக்கம் நின்று கடவுளைப் பற்றிப் பேசுகிற விடுதலை இறையியலுக்கு 230-க்குள்ளேயே தசமம் போட்டு இடம் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் எங்கள் அலமாரியில் ஏறி உட்கார்ந்துவிட்ட லேபிளைக் கிழித்து வேறு ஒட்ட ஆள் வேண்டும், பசை வேண்டும், கமிட்டி ஒப்புதல் வேண்டும். அதனால் மெதுவாகத்தான் நகர்த்தினேன்.

குத்தியரெஸின் கதை எனக்கு நெருக்கமானதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அவர் விடுதலை இறையியல் பற்றி முதலில் பேசியது 1968 ஜூலையில் சிம்போட்டே என்ற ஊரில். அது பெருவின் மீன்பிடித் துறைமுகம். நெத்திலியைப் பிடித்து அரைத்து மீன்மாவாக ஏற்றுமதி செய்து, அறுபதுகளில் கிடுகிடுவென வளர்ந்த ஊர், மலையிலிருந்து பிழைப்புத் தேடி வந்து குடிசை போட்டவர்கள் நிறைந்த ஊர். அந்த நாற்றத்தை நான் படிக்காமலே அறிவேன். குத்தியரெஸ் பன்னிரண்டு வயதிலிருந்து எலும்பு நோயால் பல வருடம் படுக்கையில் கிடந்தவர், டாக்டராக வேண்டுமென்று மருத்துவம் படிக்கப் போனவர், பிறகு குருமடம், ஐரோப்பாவில் லூவெய்ன், லியோன் என்று படிப்பு. திரும்பி வந்து லிமாவில் ஏழைகள் வாழும் ரீமாக் பகுதியில் பங்கு வேலை பார்த்தார். அவருடைய முறையின் அடிப்படை இதுதான்: முதலில் ஏழைகளோடு நிற்பதும் ஜெபிப்பதும், இறையியல் அதற்குப் பின்னால் வருகிற இரண்டாவது வேலை. நோய்ப்படுக்கையில் கிடந்த பையனுக்கு முதலில் விளக்கமா வேண்டியிருந்தது? பக்கத்தில் ஒரு ஆள் வேண்டியிருந்தது. இது என்னுடைய ஊகம், பேராசிரியர்கள் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஜப்பானியரான கொசுகே கொயாமா அறுபதுகளில் வடக்குத் தாய்லாந்தில் மிஷனரி. கிராமத்துச் சபைக்குப் போகிற வழியில் வயலில் நிற்கும் எருமைகளைப் பார்த்துக்கொண்டே போவார். இந்த எருமைகளோடு நாள் முழுக்கச் சேற்றில் நிற்கிற ஆளுக்குத்தான் பிரசங்கம் பண்ணப் போகிறோம், இடைக்கால இறையியலாளர் அக்வினாஸும் பார்த்தும் அவனுக்குப் பின்னால்தான் வர வேண்டும் என்று முடிவெடுத்தார். எருமையின் பெயரையே வைத்து 1974-இல் புத்தகம் போட்டார். எங்கள் கல்லூரியில் டெல்டா மாவட்டத்துப் பிள்ளைகள் இதை எடுத்தால் திருப்பித் தர மாட்டார்கள், ஃபைன் கட்டுவார்கள்.

யுர்கென் மோல்ட்மானை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஜெர்மன் இறையியலாளர், 1926-இல் ஹாம்பர்க்கில் பிறந்தவர். வீட்டில் பெரிய பக்தி கிடையாது, கணிதமும் இயற்பியலும் படிக்க ஆசை. 1943 ஜூலையில் பிரிட்டிஷ் விமானங்கள் ஹாம்பர்க்கை எரித்தபோது அவருக்கு 17 வயது, விமான எதிர்ப்புப் பீரங்கிப் பிரிவில் உதவியாளாகப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற நண்பன் குண்டு விழுந்து சிதறினான், இவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கடவுளே நீ எங்கே என்று அன்றிரவு கத்தியதாகவும், நான் ஏன் சாகவில்லை என்ற கேள்வி கடைசிவரை போகவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். 1945-இல் போர்க்கைதி. பெல்ஜியம், ஸ்காட்லாந்து, இங்கிலாந்து என்று மூன்று வருடத்துக்கு மேல் முகாம்கள். யூதர்களைக் கொன்ற முகாம்களின் படங்களை அங்கே காட்டினார்கள், தன் நாடு செய்தது என்ன என்று அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. ஒரு அமெரிக்க ராணுவப் போதகர் கொடுத்த பைபிளில் புலம்பல் சங்கீதங்களைப் படித்தார், மாற்கு சுவிசேஷத்தில் என்னை ஏன் கைவிட்டீர் என்று இயேசு கதறுகிற இடத்துக்கு வந்தபோது, என்னைப் புரிந்துகொள்கிற ஒருவர் இங்கே இருக்கிறார் என்று நினைத்தாராம். 1964-இல் நம்பிக்கை பற்றிய புத்தகம், 1972-இல் சிலுவையில் அறையுண்ட கடவுள். வரிசையைப் பார்த்தால் தலைகீழாகத் தெரியும், முதலில் சிலுவை, பிறகுதானே நம்பிக்கை. முகாமில் பெற்றது என்னவோ அதுதான் முதலில் வெளியே வந்தது, எரிந்த ஊரைப் பற்றிப் பேச இன்னும் எட்டு வருடம் பிடித்தது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அந்த இரண்டாவது புத்தகம் வேறொரு ஊரில் என்ன ஆனது என்பதும் சொல்லியாக வேண்டும். 1989 நவம்பர் 16 விடியற்காலையில் எல் சால்வடார் ராணுவத்தினர் சான் சால்வடாரில் இயேசு சபைப் பல்கலைக்கழகத்துக்குள் புகுந்து ஆறு குருக்களையும், சமையல் வேலை பார்த்த எல்பா ராமோஸையும், அவர் மகள் செலீனாவையும் சுட்டுக் கொன்றார்கள். ஒரு உடலை உள்ளே இழுத்துப் போட்ட அறை ஜோன் சொப்ரினோ என்ற இறையியலாளருடையது. அவர் அப்போது வகுப்பெடுக்கத் தாய்லாந்து போயிருந்ததால் பிழைத்தார். அலமாரியிலிருந்து ஒரு புத்தகம் ரத்தத்தில் விழுந்து கிடந்தது, அது மோல்ட்மானின் சிலுவையில் அறையுண்ட கடவுள். இப்போதும் அந்தப் பிரதியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். இதைக் கேள்விப்பட்டபின் ஒன்று எனக்குப் புரிந்தது. ஹாம்பர்க்கில் முளைத்த கேள்வி ஹாம்பர்க்குக்கு மட்டும் சொந்தமாக இருக்கவில்லை. ஒரு இடத்தில் ஆழமாகத் தோண்டியவர் எழுதியது இன்னொரு இடத்துக்காரர் அலமாரியில் போய் நிற்கிறது. எங்கேயும் வேர் வைக்காமல் எழுதினால் எல்லோருக்கும் பொருந்தும் என்று நினைக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஆனால் சூழல்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று யாராவது சொன்னால் நான் அவர்களை ரெஃபரன்ஸ் பகுதிக்குக் கூட்டிக்கொண்டு போவேன். அங்கே புதிய ஏற்பாட்டுக் கிரேக்கச் சொற்களுக்கான பெரிய இறையியல் அகராதி இருக்கிறது, ஆங்கிலத்தில் 10 தொகுதி. ஞாயிறு பிரசங்கத்துக்குத் தயார் பண்ணுகிற பிள்ளைகள் அதிகம் புரட்டுவது அதைத்தான், முனையெல்லாம் மடங்கிக் கிடக்கும். அதன் முதல் தொகுதி ஜெர்மனில் முழுமையாக வந்தது 1933-இல். தொகுத்தவர் கெர்ஹார்ட் கிட்டல். அதே 1933 மே மாதம் அவர் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். யூதர்களை என்ன செய்யலாம் என்று அந்த வருடமே ஒரு சிறு நூல் எழுதி, ஒவ்வொரு வழியாக எடுத்து அலசினார். கொன்றுவிடுவது நடைமுறைக்கு ஒத்துவராது என்று தள்ளிவிட்டு, குடியுரிமையைப் பறித்து விருந்தாளிகள் மாதிரி வைத்துக்கொள்ளலாம் என்றார். யூத எழுத்துகளை நன்றாகப் படித்த அறிஞர் அவர். அவர் அப்பா ருடால்ஃப் கிட்டல்தான் எபிரேய வேதாகமப் பதிப்புக்குப் பேர்போனவர். அறிவு போதவில்லை என்று சொல்ல வழியில்லை.

அதே நாடு, அதே பல்கலைக்கழகங்கள், அதே தோற்ற போர், அதே விலைவாசி. பார்த்தும் இமானுவேல் ஹிர்ஷும் 1920களில் கோட்டிங்கனில் ஒரே துறையில் பாடம் நடத்தியவர்கள். ஹிர்ஷும் பால் டில்லிக்கும் நெருங்கிய நண்பர்கள். 1933 வந்தபோது ஹிர்ஷ் ஹிட்லர் பக்கம் போனார், டில்லிக் வேலை பறிபோய் நியூயார்க் போனார், பார்த் 1934-இல், சபை நாஜிக் கொள்கைக்கு அடிபணியாது என்ற பார்மென் அறிக்கையின் வாசகத்தை எழுதி அடுத்த வருடம் பதவி இழந்து பாசலுக்குத் திரும்பினார். சூழல் ஒரு கேள்வியை எல்லோர் மேசையிலும் ஒரே மாதிரி வைத்துவிட்டுப் போகிறது, பதில் அவரவர் கையில்தான். நாஜிகளை எதிர்த்த ஜெர்மன் இறையியலாளர் போன்ஹோஃபர் விஷயத்தில் மட்டும் எனக்கு ஒரு தடயம் தெரிகிறது. 1930-31-இல் நியூயார்க்கில் படிக்கப் போனவர் ஞாயிறுதோறும் கறுப்பினத்தவர் வாழ்ந்த ஹார்லெம் பகுதியில் அபிசீனியன் பாப்டிஸ்ட் சபைக்குப் போய், அங்கே சிறுவர்களுக்கு வகுப்பெடுத்து, கறுப்பினத்தவரை அமெரிக்கா எப்படி நடத்துகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு ஊர் திரும்பினார். சொந்த ஊரில் யூதரை விலக்கத் தொடங்கியபோது சீக்கிரமே விழித்துக்கொண்ட சிலரில் அவர் ஒருவர். பிறந்த சூழல் கொடுக்காததைப் பிறர் சூழல் கொடுக்கும் போல.

அந்த அகராதியை நூலகத்திலிருந்து எடுத்துவிடலாமா என்று ஒரு மாணவி கேட்டாள். எடுக்க முடியாது. அதில் எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள், வேறு வழியில்லாமல் உலகமே பயன்படுத்துகிறது. முதல் தொகுதியின் உள்ளட்டையில் ஆசிரியர் பற்றி நாலு வரி தட்டச்சு செய்து ஒட்டியிருக்கிறேன். யாரிடமும் கேட்கவில்லை. ஒட்டிய நாளிலிருந்து ஒருவரும் ஆட்சேபிக்கவும் இல்லை, அப்படியென்றால் பேராசிரியர்கள் யாரும் உள்ளட்டையைத் திறப்பதில்லை என்றுதான் அர்த்தம்.

அமெரிக்கக் கறுப்பு இறையியலின் முன்னோடி ஜேம்ஸ் கோன் பற்றி எங்கள் கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அவர் முனைவர் பட்டம் வாங்கியது மனிதனைப் பற்றிக் கார்ல் பார்த் சொன்ன கோட்பாட்டை ஆராய்ந்து என்று சொன்னால் பாதிப்பேர் நம்ப மாட்டார்கள். அர்கன்சாவில் பியர்டன் என்ற சின்ன ஊரில் நிறவெறிக்கு நடுவே வளர்ந்தவர், வடக்கே போய் 1965-இல் பார்த்தைப் படித்து டாக்டரானார். 1967-இல் இனக் கலவரத்தில் டெட்ராய்ட் நகரம் எரிந்தபோது பக்கத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் படித்ததில் ஒன்றும் அந்தத் தெருவுக்கு உதவவில்லை என்று உறைத்தது. அடுத்த வருடம் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். அந்தக் கோடையில் ஒரே மூச்சில் எழுதியதுதான் 1969-இல் வந்த முதல் புத்தகம். கோபம் அடங்குவதற்குள் எழுதியது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். பிறகு டெலோரஸ் வில்லியம்ஸ் போன்ற கறுப்பினப் பெண்கள் அவரிடமே கேட்டார்கள், உங்கள் கறுப்பு இறையியலில் பெண் எங்கே என்று. கோன் எகிப்திலிருந்து விடுதலையான ஜனத்தைப் பார்த்தார், வில்லியம்ஸ் ஆபிரகாம் வீட்டிலிருந்து வனாந்தரத்துக்குத் துரத்தப்பட்ட வேலைக்காரி ஆகாரைப் பார்த்தார். ஆகாருக்கு விடுதலையும் இல்லை, எஜமானியிடமே திரும்பிப் போகச் சொல்கிறார் தேவதூதர். பிழைக்க வழி மட்டும் கிடைக்கிறது. ஒரே வேதாகமம்தான், ஆனால் வில்லியம்ஸின் பக்கத்திலிருந்து படித்தால் யாத்திராகமத்தை அவ்வளவு சுலபமாகக் கொண்டாட முடியாது. கோன் அந்த விமர்சனத்தைப் பிற்பாடு ஒத்துக்கொண்டு, தன் முதல் புத்தகத்தின் 1989 பதிப்புக்கு எழுதிய முன்னுரையிலேயே சொன்னார். பார்த்தீர்களா, மறுபடி முன்னுரை.

கானாவின் மெர்சி அம்பா ஓடுயோயே இன்னும் ஒரு படி உள்ளே போகிறார். பிள்ளை பெறாத பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கும் என்று தன் வாழ்க்கையிலிருந்து எழுதி, பலுகிப் பெருகுங்கள் என்ற வசனத்தை அதிலிருந்து கேள்வி கேட்கிறார். இதை இரவல் வாங்கிப் போகிற பெண்கள் திருப்பித் தரும்போது என்னிடம் ஒன்றும் பேச மாட்டார்கள், புத்தகம் மட்டும் கை மாறும்.

என் வீட்டிலேயே இப்படி ஒன்று நடந்திருக்கிறது. வெளிப்படுத்தல் புத்தகத்தின் கடைசியில் புதிய வானம் புதிய பூமி வரும்போது கடல் இருக்காது என்று ஒரு வரி வரும். கடல் இல்லாத மோட்சத்துல நமக்கு என்ன வேலை என்று அப்பா சிரிப்பார். எழுதிய யோவான் பத்மு தீவில் நாடு கடத்தப்பட்டுக் கிடந்தவர், அவருக்குக் கடல் என்றால் சுற்றி நிற்கிற சிறைச்சுவர், அதனால் அப்படி எழுதினார் என்று ஒரு பேராசிரியர் எனக்கு விளக்கினார், நான் அப்பாவிடம் போய்ச் சொன்னேன், அவருக்குத் திருப்தி. பிறகு 2004 டிசம்பர் 26. அதன் பின் என் சித்தி அந்த வரியை மட்டும் அடிக்கடி வாசிக்கச் சொல்லிக் கேட்பாள். ஒரே கடற்கரை, ஒரே வீடு, ஒரே வசனம். எந்த விளக்கவுரையிலும் சித்திக்கு இடம் இல்லை, அவள் எழுதவும் போவதில்லை.

தமிழ்நாட்டு இறையியலாளர்களுக்கு எங்கள் நூலகத்தில் ஒன்றரை அலமாரி. அதிலும் பெரும்பாலும் ஆங்கிலம். பாளையங்கோட்டையில் 1891-இல் பிறந்த ஏ.ஜே. அப்பாசாமியின் அப்பா சைவத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்த வழக்கறிஞர், பிற்காலத்தில் யோகப் பயிற்சி செய்தவர். பிள்ளை ஆக்ஸ்ஃபோர்டில் ஆராய்ச்சி செய்தது இந்து பக்தி இலக்கியத்தையும் யோவான் சுவிசேஷத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து. கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக 1927-இல் எழுதினார், சங்கரரை விட்டு ராமானுஜரிடம் போனார். அந்த வீட்டில் வளர்ந்தவருக்கு அது இயல்பு. 1981-இல் பெங்களூரில், தலித் இறையியலின் முன்னோடியான ஏ.பி. நிர்மல் எழுந்து கேட்டது, இந்திய இறையியல் என்று நீங்கள் சொல்வதெல்லாம் உயர்சாதியிலிருந்து வந்தவர்களின் இறையியல், சபையில் பெரும்பான்மையான தலித் மக்களின் வேதனை அதில் எங்கே என்று. உபாகமம் 26-இல் என் தகப்பன் நாடோடியான ஒரு சீரியன் என்று இஸ்ரவேலர் அறிக்கையிடுகிற இடத்தை எடுத்து, தலித்துகள் தங்கள் மூதாதையரை அப்படி நினைத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

இன்னொரு பக்கம் பி. செஞ்சையா, வி. சக்கரை. இருவரும் வழக்கறிஞர்கள். செஞ்சையா புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதியாக இருந்தார், சக்கரை தொழிற்சங்கத் தலைவர், சென்னை மேயராகவும் இருந்தார். 1938-இல் தாம்பரத்தில் உலக மிஷனரி மாநாடு கூடிய சமயம் இவர்கள் குழு வெளியிட்ட நூல், மிஷன்களையும் சபை அமைப்பையும் போட்டுத் தாக்கியது. சம்பளம் கோர்ட்டிலிருந்து வந்ததால் அப்படி எழுத முடிந்தது என்பது என் எண்ணம். இறையியலாளரின் சூழல் என்றால் சாதி, நாடு, பாலினம் என்று பட்டியல் போடுகிறோம். சம்பளக் கவரில் யார் கையெழுத்து என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் பேராசிரியர் அறையில் ஒரு அமைதி நிலவும், நான் பார்த்திருக்கிறேன்.

தியோபிலஸ் அப்பாவுவை எல்லோரும் பரட்டை அண்ணன் என்பார்கள். மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பாடம் நடத்தியவர், 2005-இல் காலமானார். அவர் தன் இறையியலை எழுதியதைவிடப் பாடியது அதிகம். ஆர்கனையும் கர்நாடக சங்கீதத்தையும் விட்டுப் பறையோடும் கிராமத்து மெட்டோடும் ஆராதனை முறையே அமைத்தார், எல்லோரும் ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து தின்பதுதான் திருவிருந்து என்றார். படிப்பறிவில்லாத ஜனங்கள் பாட்டை மாற்றிப் பாடினால் சந்தோஷப்படுவாராம், அதுதான் இறையியல் நடப்பது என்று. இதெல்லாம் எங்களிடம் கேசட்டாக இருந்தது. கேசட்டுக்கு எண் இல்லை, புத்தக அலமாரியில் வைக்க விதி இல்லை, ஆடியோ விஷுவல் என்று எழுதி ஒரு இரும்புப் பீரோவில் பூட்டியிருந்தார்கள். சில நாடாக்களில் பூசணம். காப்பாற்ற முடிந்ததைக் கணினியில் ஏற்றியிருக்கிறேன். ஒருவர் 9000 பக்கமாகவும் இன்னொருவர் பாட்டாகவும் இறையியல் செய்தால், நூலகம் என்ற ஏற்பாடே முதலாமவருக்குச் சாதகம்.

இத்தனையும் சொன்னாலும், பிள்ளைகளின் ஆய்வேடுகளைப் பார்க்கும்போது எனக்குச் சலிப்பு வருவதுண்டு. முதல் அதிகாரத்தில் என் சூழல் என்று ஒன்றரைப் பக்கம். நான் இன்ன கிராமம், இன்ன சமூகம், அப்பா கூலி வேலை. இரண்டாம் அதிகாரத்திலிருந்து குத்தியரெஸை வரி வரியாக எடுத்துப் போட்டிருப்பார்கள், அந்தக் கிராமம் அப்புறம் வரவே வராது. நுழைவுச்சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு உள்ளே போன கதை. இதைவிட மோசம், சூழலைச் சொல்லி ஒருவனை ஒரு மூலையில் உட்கார வைப்பது.

மேற்படிப்புக்கு வந்த ஒரு தம்பி, சேரியிலிருந்து வந்தவன், பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்கிற திரித்துவம் பற்றி எழுத ஆசைப்பட்டான். வழிகாட்டியாக இருந்தவர் நல்ல மனிதர்தான், ஆனாலும் உன் பின்னணிக்குத் தலித் இறையியல் எழுதினால்தானே பொருத்தம் என்றார். அவன் என் மேசைக்கு வந்து, "ஏன் அக்கா, மத்தவங்க எல்லாம் கடவுளப் பத்தி எழுதலாம், நான் மட்டும் என்னப் பத்தியே எழுதணுமா?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. நாலாம் நூற்றாண்டுப் பகுதியைக் காட்டினேன், நிசாவின் கிரகோரியை எடுத்துக்கொண்டு போனான்.

மாதக்கணக்கில் அவரோடேயே கிடந்தான். பிதாவைவிடக் குமாரன் தாழ்ந்தவர் என்று வாதிட்ட யூனோமியஸுக்கு எதிராகத் தொகுதி தொகுதியாக எழுதியவர் கிரகோரி. அதே கிரகோரி பிரசங்கி புத்தகத்துக்குச் செய்த நாலாவது பிரசங்கத்தில், அடிமைகளை விலைக்கு வாங்கினேன் என்ற வரியைப் பிடித்துக்கொண்டு, கடவுளின் சாயலுக்கு நீ என்ன விலை போட்டாய் என்கிற மாதிரி கேட்கிறார். அந்தக் காலத்தில் அடிமை முறையே கூடாது என்று அப்படி நேராகக் கேட்டவர்கள் கிடைப்பது அபூர்வம். கிரகோரி பணக்கார நிலக்காரக் குடும்பம். ஆனால் அவருடைய அக்கா மக்ரினா தன் அம்மாவைச் சம்மதிக்க வைத்து, வீட்டு வேலைக்காரப் பெண்களோடு ஒரே மேசையில் ஒரே சாப்பாடு, ஒரே மாதிரிப் படுக்கை என்று வாழச் செய்தவள், அதை எழுதி வைத்ததும் கிரகோரிதான். தம்பி கண்டுபிடித்தது இதுதான்: மூவருக்குள் மேல் கீழ் இல்லை என்று சொன்ன வாயும், மனிதருக்குள் எஜமான் அடிமை இல்லை என்று சொன்ன வாயும் ஒன்று, அந்த வாய் சாப்பிட்டது மக்ரினாவின் மேசையில். இதை ஒரு அதிகாரம் முழுக்க எழுதினான். தன் சாதியைப் பற்றி ஆய்வேட்டில் ஒரு வரி இல்லை.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் உங்கள் சூழல் எங்கே என்று கேட்டாராம். மூணாவது அதிகாரம் சார் என்று சொல்லிவிட்டு அவன் பேசாமல் இருந்திருக்கிறான். அவர் அந்த அதிகாரத்தை அங்கேயே மறுபடி புரட்டிப் பார்த்தார் என்று சொன்னார்கள்.

ஆய்வேடு நூலகத்துக்கு வந்தபோது தலித் இறையியல் அலமாரிக்கு அனுப்பச் சொல்லி ஒரு சீட்டோடு வந்தது. நான் திரித்துவத்துக்குரிய 231.044 போட்டு ஒட்டிவிட்டேன். தம்பி இப்போது ஒரு கிராமத்துச் சபையில் போதகர். சமீபத்தில் போன் செய்து, பரட்டை அண்ணன் பாட்டு கேசட்டில் இருந்ததெல்லாம் கணினியில் ஏற்றினீர்களே, அறுப்பின் பண்டிகைக்கு வேண்டும், கிடைக்குமா என்றார். அனுப்பி வைத்தேன்.